94-லேயே நிற்கும் நெட்டும் எட்டாவது ஒயரும்

போன மாசம் ஸ்ரீரங்கத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். கீழ்வீட்டில் ஃபைபர் வந்து இறங்குகிறது, 300 எம்பிபிஎஸ் பிளான், மாடியில் அவர் அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள், அங்கே கம்ப்யூட்டரில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினால் 300 வரவே மாட்டேன் என்கிறது. "மூணு தடவை கம்ப்ளெயின்ட் பண்ணிட்டேன்டா. வர்ற பையன் கீழ ரவுட்டர் பக்கத்துல நின்னு போன்ல டெஸ்ட் பண்ணி, பாருங்க சார் 300 வருதுன்னு காட்டிட்டுப் போயிடறான்." எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். "94. எப்ப போட்டாலும் 94தான். ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டாலும் 94."

ராத்திரி ரெண்டு மணிக்கும் 94 என்றதும் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. லைனில் கோளாறு என்றால் எண் ஆடும். காலையில் 210 காட்டும், சாயங்காலம் ஊரே படம் பார்க்கும் நேரத்தில் 60 காட்டும். அசையாமல் 94-லேயே நிற்கிறது என்றால் எங்கோ ஒரு கூரை இடிக்கிறது. அந்தக் கூரை எது என்பதும் அந்த எண்ணிலேயே எழுதியிருக்கிறது.

ஈதர்நெட்டில் தரவு மூட்டை மூட்டையாகப் போகிறது. வழக்கமான ஒரு மூட்டையில் அதிகபட்சம் 1,500 பைட். அதில் தரவு அனுப்பும் விதிமுறைகளான ஐபி 20 பைட்டையும் டிசிபி 20 பைட்டையும் எடுத்துக்கொள்ள, நம் சரக்குக்கு மிஞ்சுவது 1,460. மூட்டையை ஒயரில் ஏற்றும்போது வெளிச்செலவு வேறு: 'வருகிறேன்' என்று அறிவிக்க 8 பைட், முகவரிச் சீட்டு 14, வந்தது சரியா என்று பார்க்க 4, அடுத்த மூட்டைக்கு முன்னால் விட வேண்டிய இடைவெளி 12. ஆக 1,538 பைட் இடத்தை அடைத்துக்கொண்டு 1,460 பைட் சரக்கு போகிறது. வகுத்துப் பார்த்தால் 94.9 சதவீதம். டிசிபி தன் பங்குக்கு நேர முத்திரை என்று இன்னும் 12 பைட் போட்டால் 94.1. அதாவது 94 என்பது 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்று முழு மூச்சில் ஓடும்போது கிடைக்கும் எண். கிகாபிட்டாக இருந்தால் இதே கணக்கில் 940 வரை தாங்கும், 300 பிளானுக்கு 300-ம் வந்திருக்கும். சித்தப்பா வீட்டு ரவுட்டரும் கிகாபிட், கம்ப்யூட்டரும் கிகாபிட். நடுவில் போகிற கேபிள்தான் இரண்டையும் 100-க்கு இறக்கி வைத்திருக்கிறது.

எப்படி இறக்கும்? லேன் கேபிளை அறுத்தால் உள்ளே எட்டு ஒயர், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. 1990-ல் வந்த 10பேஸ்-டி, 1995-ல் வந்த 100பேஸ்-டிஎக்ஸ் இரண்டுக்கும் இரண்டு ஜோடி போதும். போக ஒன்று, வர ஒன்று. மற்ற இரண்டு ஜோடியும் சும்மா கிடக்கும். 1999-ல் வந்த கிகாபிட்டான 1000பேஸ்-டி நான்கு ஜோடியையும் வேலைக்கு இழுத்தது. ஒவ்வொரு ஜோடியிலும் 250 எம்பிபிஎஸ், அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும். நாம் பேசுவதும் எதிராளி பேசுவதும் ஒரே ஒயரில் கலந்து ஓட, நாம் பேசியது என்ன என்று நமக்குத் தெரியுமே, அதைக் கழித்துவிட்டால் மிச்சம் எதிராளியுடையது என்று சிப் கணக்குப் போட்டுப் பிரிக்கிறது. பழைய லேண்ட்லைன் போனில் இரண்டே ஒயரில் இருவரும் ஒரே நேரத்தில் பேச முடிந்ததும் இந்த மாதிரி யோசனையால்தான், அங்கே அதை ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் செய்தது.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. கேபிளைச் செருகியதும் இரண்டு பக்கமும் 'உனக்கு என்ன வேகம் வரும்' என்று விசாரித்துக்கொள்ளும். கனெக்டரில் எட்டு ஒயருக்கும் 1 முதல் 8 வரை இட எண் உண்டு, அந்த விசாரிப்பு 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடிகளில் மட்டும்தான் நடக்கும். அந்த இரண்டும் நன்றாக இருந்தால், இருவரும் கிகாபிட் என்று கை குலுக்கிக்கொள்வார்கள். அப்புறம் நான்கு ஜோடியிலும் சிக்னல் ஏற்றிப் பார்த்தால் ஒன்று ஊமை. சாமர்த்தியமான சிப் சில தடவை முயன்று பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சாமர்த்தியம் போதாதது லைட் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து உயிரை வாங்கும். சித்தப்பாவுக்கு வாய்த்தது சாமர்த்தியமானது. அதனால்தான் ஒரு வருஷமாக யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அடுத்த வாரம் போனேன். கனெக்டரை ஒயரில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், நாலைந்து கனெக்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த எட்டு லைட் டெஸ்டர், இவ்வளவுதான் பையில். மாடி முனையைக் கழற்றி, போன் டார்ச்சை அடித்து, கண்ணாடி மாதிரி இருக்கும் கனெக்டரை நுனியிலிருந்து பார்த்தேன். நன்றாக அடித்த கனெக்டரை நேராகப் பார்த்தால் எட்டு செம்புப் புள்ளி வரிசையாகத் தெரிய வேண்டும். ஏழு தெரிந்தது. எட்டாவது, பிரவுன், மற்றவற்றைவிட ஒரு அரிசி நீளம் குட்டையாக நறுக்கப்பட்டு உள்ளேயே நின்றுவிட்டது. மேலிருந்து இறங்கும் தங்க முலாம் பூசிய பல் அதன் விளிம்பைத் தொட்டும் தொடாமலும். போதாததற்கு வெளித்தோல் கனெக்டருக்குள் போகவே இல்லை. வெறும் எட்டு ஒயரும் ஒரு விரல்கடை நீளத்துக்கு வெளியே தெரிய, கேபிளின் மொத்த எடையும் அந்தப் பற்களிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கனெக்டரின் வயிற்றுப் பக்கம் ஒரு முக்கோணக் கட்டை இருக்கும், கிரிம்ப் செய்யும்போது அது மடங்கி வெளித்தோலைக் கவ்வும். அது இருப்பதே இழுவையைத் தாங்கத்தான். நம் ஊரில் பாதிக் கனெக்டர்களில் அது காற்றைத்தான் கவ்விக்கொண்டிருக்கிறது.

இங்கே கலர் வரிசைக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் சுவாரசியமே. கனெக்டரின் கொக்கி கீழே, ஒயர் நுழையும் வாய் நம் பக்கம் என்று பிடித்தால் இடமிருந்து வலம்: ஆரஞ்ச் ஒயிட், ஆரஞ்ச், கிரீன் ஒயிட், புளூ, புளூ ஒயிட், கிரீன், பிரவுன் ஒயிட், பிரவுன். லேன் வேலை செய்கிற எல்லோருக்கும் இது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஆனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ஆரஞ்சு ஜோடி பக்கத்தில் பக்கத்தில். பிரவுன் ஜோடி பக்கத்தில் பக்கத்தில். புளூவும் அப்படியே. கிரீன் மட்டும் ஏன் புளூவுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் போட்டுக்கொண்டு நிற்கிறது? 3-4 என்று நேராகப் போட்டால் என்ன கெட்டுவிடும்?

காரணம் டெலிபோன். அமெரிக்க டெலிபோன் பிளக்கில் ஒயர்களை நடுவிலிருந்து வெளியே அடுக்கினார்கள், வெங்காயத் தோல் மாதிரி. முதல் லைன் நட்டநடு இரண்டு பின். இரண்டாவது லைன் வேண்டுமென்றால் அதற்கு வெளியே இரு பக்கமும் ஒவ்வொன்று. மூன்றாவது அதற்கும் வெளியே. இதில் ஒரு வசதி, சின்ன பிளக்கைப் பெரிய சாக்கெட்டில் செருகினாலும் நடு லைன் எப்போதும் நடுவிலேயே விழும். எட்டு பின் சாக்கெட்டில் அந்த நடு 4-5, அடுத்தது 3-6, அடுத்தது 2-7, கடைசி 1-8. குரலுக்கு இது போதும். வேகமான தரவுக்கு 1-8 என்ற ஜோடி கட்டுப்படியாகாது, ஒரே ஜோடியின் இரண்டு ஒயரைக் கனெக்டரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பிரிக்க வேண்டி வரும். அதனால் வெங்காயத்தின் வெளித்தோல் இரண்டையும் உரித்து 1-2, 7-8 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். உள்தோல் இரண்டையும் தொடவில்லை. அந்த மிச்ச வெங்காயம்தான் இன்றைக்கும் நாம் கிரீனைப் பிரித்து புளூவைத் தாண்டி வளைத்துக்கொண்டிருப்பது.

4-5-ஐ ஏன் தொடவில்லை என்பதற்கும் நல்ல காரணம் உண்டு. 10பேஸ்-டி வந்த காலத்தில் அமெரிக்க ஆபீஸ்களில் சுவருக்குள் ஏற்கெனவே டெலிபோன் ஒயர் கிடந்தது. ஒரே கேபிளில் போனும் ஓடும், கம்ப்யூட்டரும் ஓடும். டெலிபோன் லைனில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் டிசி, மணி அடிக்கும்போது 75, 90 வோல்ட் ஏசி. அது நெட்வொர்க் கார்டுக்குள் ஏறினால் கார்டின் கதி என்ன? அதனால் நடு ஜோடியை டெலிபோனுக்கே விட்டுவிட்டு 1-2, 3-6 என்ற ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். சும்மா விட்ட ஜோடிகளில் பின்னால், 2003-ல், கேமராவுக்கும் ஐபி போனுக்கும் கேபிளிலேயே கரண்ட் கொடுக்கும் பிஓஇ தரநிலை வந்தபோது 4-5, 7-8 வழியாக அனுப்புவதும் ஒரு முறையாக அனுமதிக்கப்பட்டது. அந்த கரண்டும் ஏறத்தாழ 48 வோல்ட். எக்ஸ்சேஞ்சின் பழைய எண் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தது.

கலர்களும் டெலிபோன் சொத்துதான். புளூ, ஆரஞ்ச், கிரீன், பிரவுன், அப்புறம் சிலேட்டு நிறம் என்பது டெலிபோன் கேபிளில் ஜோடிகளை எண்ணும் வரிசை. லேன் கேபிளில் நான்கே ஜோடி என்பதால் சிலேட்டுக்கு வேலையில்லை. தெருமுனைப் பில்லர் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பிஎஸ்என்எல் லைன்மேனைப் பார்த்திருப்பீர்கள், அவர் கையில் இருந்த ஒயர்க்கற்றையிலும் இதே வரிசைதான்.

இந்தக் கலர் அடுக்கில் இரண்டு வரிசை ஏன் இருக்கிறது, டி568ஏ, டி568பி என்று? டெலிபோன் கணக்கில் இரண்டாவது ஜோடி ஆரஞ்சு, அதன் இடம் 3-6. அதை அப்படியே மதித்தால் கிடைப்பது ஏ. ஆனால் அமெரிக்க டெலிபோன் கம்பெனியான ஏடி&டி தன் சொந்த முறையில் ஆரஞ்சை 1-2-லும் கிரீனை 3-6-லும் போட்டு நாடு முழுக்க ஏற்கெனவே ஒயர் இழுத்து வைத்திருந்தது. அதுவே பி, மேலே நான் சொன்ன வரிசை. தரநிலை எழுத உட்கார்ந்தவர்களால் இரண்டையும் தள்ள முடியவில்லை, இரண்டையும் உள்ளே விட்டார்கள். கரண்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. நம் ஊரில் பெரும்பாலும் பி. ஒரு முனையில் ஏ, மறுமுனையில் பி போட்டால் அதுதான் அந்தக் காலத்து கிராஸ் கேபிள், இரண்டு கம்ப்யூட்டரை நேருக்கு நேர் இணைக்க. இப்போது அதற்கும் தேவையில்லை. எச்பி நிறுவனத்துப் பொறியாளர்கள் உருவாக்கிய ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்ற ஏற்பாட்டில் போர்ட்டே போக்குவரத்தை மாற்றிப் பார்த்துக்கொள்கிறது. இரண்டு முனையும் ஒரே சமயத்தில் மாறி மாறி முட்டிக்கொண்டால்? அதற்காக மாறும் நேரத்தைக் குலுக்கல் மாதிரி தாறுமாறாக வைத்திருக்கிறார்கள், குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவரில் ஒருவர் சற்றுத் தயங்குவது போல.

சரி, இப்போது நான் ஏமாந்த கதை. கல்லூரி முடித்த புதிதில் ஒரு நண்பனின் டிடிபி சென்டருக்கு நானே கேபிள் அடித்துக் கொடுத்தேன். 'கலர் எதுவா இருந்தா என்ன, ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தா போதும்' என்று யாரோ சொன்னது காதில் இருந்தது. லாஜிக்கும் சரியாகத்தான் பட்டது. ஒயருக்குத் தன் கலர் தெரியுமா? அதனால் கிரீனைப் பிரிக்கும் தொல்லை இல்லாமல் ஆரஞ்ச் ஜோடி, கிரீன் ஜோடி, புளூ ஜோடி, பிரவுன் ஜோடி என்று அழகாக, வரிசையாக இரண்டு பக்கமும் அடித்தேன். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை லைட் ஓடியது. பார்த்த அப்பா கூடப் பாராட்டினார். அந்த சென்டரில் சின்ன ஃபைல் போகும், பெரிய கோரல்டிரா ஃபைல் பாதியில் நிற்கும். ஒரு வாரம் விண்டோஸை மாற்றினோம், கார்டை மாற்றினோம், ஸ்விட்ச்சை மாற்றினோம், டெஸ்டரில் லைட் எரிந்த ஒரே காரணத்தால் கேபிளை மட்டும் யாரும் தொடவில்லை.

ஒயருக்குத் தன் கலர் தெரியாது என்பது உண்மை, ஆனால் அது யாரோடு முறுக்கிக் கிடக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள 1881-க்குப் போக வேண்டும். ஆரம்பகால டெலிபோனில் ஒரே ஒரு கம்பி, திரும்பி வர பூமி. பக்கத்தில் போகும் தந்திக் கம்பியின் சத்தமெல்லாம் காதில் விழுந்தது. பிறகு எலெக்ட்ரிக் டிராம் வந்ததும் கேட்கவே வேண்டாம், ஒரே இரைச்சல். இரண்டு கம்பி போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரைச்சல் அடங்கும் என்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் அந்த ஆண்டு காப்புரிமை வாங்கினார். இன்றைய கேட்6 வகை லேன் கேபிளின் அடிப்படையும் அதுவே.

முறுக்கு எப்படி இரைச்சலை அடக்கும்? ஒரு ஜோடியில் ஒரு ஒயரில் வோல்டேஜ் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவு ஏறினால் வித்தியாசம் எடுக்கும்போது அது கழிந்துபோகும். ஆனால் இரைச்சல் ஒரு பக்கத்திலிருந்துதானே வருகிறது, அந்தப் பக்கம் இருக்கும் ஒயரில் கொஞ்சம் கூடுதலாக ஏறும். முறுக்கினால் ஒரு சென்டிமீட்டரில் இவன் வெளியே, அடுத்த சென்டிமீட்டரில் அவன் வெளியே. மொத்தத்தில் இருவருக்கும் சம அடி. வெளியே இரைச்சல் விடுவதிலும் இதே கணக்குதான்.

இதோடு முடியவில்லை. ஒரு சாண் கேபிளை உரித்து நான்கு ஜோடியையும் மேஜை மேல் நீட்டி வைத்துப் பாருங்கள், முறுக்கு நான்கிலும் ஒரே மாதிரி இருக்காது. என் கையில் இருந்த துண்டில் கிரீனும் புளூவும் நெருக்கமான முறுக்கு, பிரவுன் தளர்ந்த முறுக்கு. வேண்டுமென்றே செய்தது. எல்லா ஜோடியும் ஒரே கதியில் முறுக்கினால் இந்த ஜோடியின் இன்ன ஒயருக்குப் பக்கத்து ஜோடியின் இன்ன ஒயர் கேபிள் முழுக்க ஒட்டிக்கொண்டே வரும், முறுக்கியது வீண். ஒவ்வொன்றும் வேறு வேறு தாளத்தில் போனால் சேர்ந்து ஒட்டவே முடியாது.

என் டிடிபி கேபிளில் நடந்தது இதுதான். கார்டு எதிர்பார்ப்பது 3-ம் 6-ம் ஜோடி. நான் 3-ல் போட்டது கிரீன் ஒயிட், அது 4-ல் இருக்கும் கிரீனோடு முறுக்கிக் கிடக்கிறது. 6-ல் போட்டது புளூ, அது 5-ஓடு முறுக்கிக் கிடக்கிறது. சிக்னல் போகும் இரண்டு ஒயரும் ஆளுக்கொரு துணையோடு தனித்தனியாகப் போகின்றன, ஒன்றின் இரைச்சலை மற்றது கழிக்க வழியில்லை. இதற்குப் பெயர் ஸ்பிளிட் பேர், பிரிந்த ஜோடி. 10 எம்பிபிஎஸ்ஸில் தப்பிக்கும், 100-ல் தள்ளாடும், கிகாபிட்டில் 3-6-ம் 4-5-ம் ஒன்றின் மேல் ஒன்று பேசிக் குழம்பி அநேகமாகப் படுத்துவிடும். லைட் டெஸ்டரால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அது அனுப்புவது வெறும் டிசி. இந்த முனை ஒன்றாம் பின்னில் போனது அந்த முனை ஒன்றாம் பின்னில் வந்ததா என்பதோடு அதன் அறிவு முடிந்தது. ஜோடிக்கு ஜோடி எவ்வளவு கசிகிறது என்று நிஜ அதிர்வெண்ணில் அளக்கும் கருவிகள் இருக்கின்றன, விலை லட்சக்கணக்கில். டேட்டா சென்டர் வேலை எடுப்பவர்கள் வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ரிப்போர்ட் கொடுப்பது அதில்தான். நமக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் எட்டு லைட்டும் எரிந்தால் கேபிள் நல்லது என்று சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

கனெக்டர் அடிக்கும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதே என்று சொல்வதும் இதனால்தான். அரை அங்குலம், அவ்வளவுதான் அனுமதி. கைக்கு வசதியாக இரண்டு அங்குலம் பிரித்து, சீப்பு மாதிரி நேராக்கி, அப்படியே செருகுவது எல்லோரும் செய்வது. நேராக்குவதற்கு நீளமாகப் பிரியுங்கள், தப்பில்லை, செருகும் முன் நறுக்கிவிட வேண்டும். நறுக்கும்போது எட்டும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், கத்தரிக்கோல் மழுங்கலாக இருந்தால் ஓரத்து ஒயர் வழுக்கிக் குட்டையாகும், ஓரம் என்றால் ஒன்றாவது அல்லது எட்டாவது. சித்தப்பா வீட்டில் எட்டாவது. ஒன்றாவதாக இருந்திருந்தால் லைட்டே எரிந்திருக்காது, அன்றைக்கே சரி செய்திருப்பார்கள்.

இன்னொன்று, சுவருக்குள் போகும் கேபிளில் ஒயர் ஒற்றைக் கம்பி. மேஜையில் கிடக்கும் பேட்ச் கார்டில், அதாவது இரு முனையிலும் கனெக்டரோடு வரும் குட்டிக் கேபிளில், பெரும்பாலும் மெல்லிய இழைகள் சேர்ந்த ஒயர், வளைந்து கொடுப்பதற்காக. இரண்டுக்கும் கனெக்டரின் பல் வேறு. இழை ஒயருக்கானது நடுவில் குத்தி இழைகளுக்குள் இறங்கும். ஒற்றைக் கம்பிக்கானது மூன்று முனையாகப் பிரிந்து கம்பியைக் கால் போட்டுப் பிடிக்கும். மாற்றிப் போட்டால் அன்றைக்கு வேலை செய்யும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி ஆறு மாதத்தில் விட்டு விட்டு வரும். கடையில் கனெக்டர் வாங்கும்போது இதைக் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. உண்மையில் சுவர் கேபிளின் முனையில் கனெக்டர் அடிப்பதே சரியான வழி இல்லை. சுவரில் ஐஓ பாக்ஸ் என்ற லேன் சாக்கெட் வைத்து, அதன் பின்னால் ஒயரை அழுத்திப் பதிக்கும் பஞ்ச் டவுன் டூலால் அடித்து, அங்கிருந்து கடையில் வாங்கிய பேட்ச் கார்ட் போட்டால் சுவர் கேபிள் அசையவே அசையாது. 100 மீட்டர் என்று சொல்கிற கணக்கே இப்படித்தான் பிரிகிறது, சுவருக்குள் 90, இரண்டு முனைப் பேட்ச் கார்டுக்கும் சேர்த்து 10.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த லேன் கனெக்டரை நாம் ஆர்ஜே45 என்று சொல்கிறோம், ஆனால் அது ஆர்ஜே45 கிடையாது. நிஜ ஆர்ஜே45 என்பது 1970-களில் அமெரிக்க டெலிபோன் கம்பெனிகள் மோடம் இணைக்க வைத்திருந்த ஒன்று. ஓரத்தில் ஒரு மேடு இருக்கும், உள்ளே ஒரு ரெசிஸ்டரும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் கனெக்டரின் சரியான பெயர் 8பி8சி. அதைக் கடையில் சொல்லிப் பார்த்தேன், "ஆர்ஜே45-ஆ சார்?" என்று கேட்டார்.

வாங்குவதில் மாட்டிக்கொள்ளும் இடம் கேபிள்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் கேட்6 ஒரு பெட்டி என்று கேட்டால், 305 மீட்டர், ஆயிரம் அடி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விலைகளில் கிடைக்கும். மலிவானதில் மிகப் பெரும்பாலும் சிசிஏ, அலுமினியத்துக்கு மேலே மெல்லிசாகச் செம்பு பூசியது. அலுமினியம் செம்பில் ஏறத்தாழ அறுபது சதவீத அளவுக்குத்தான் கரண்டைக் கடத்தும், பூச்சைச் சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. பத்து மீட்டருக்குத் தெரியாது. அறுபது மீட்டர் தள்ளி வாசல் கேட்டில் இருக்கும் கேமராவுக்கு அதிலேயே கரண்டும் கொடுத்தால், பகலில் ஓடும், இரவு அகச்சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்ததும் வோல்டேஜ் பற்றாமல் கேமரா ரீஸ்டார்ட் ஆகும், விடிந்ததும் தானே சரியாகும். கேமராவைக் குறை சொல்லி இரண்டு கேமரா மாற்றியவர்களை எனக்குத் தெரியும். கேபிள் தரநிலைகள் கேட்பது முழுச் செம்பு, ஆக சிசிஏ கேபிளில் 'கேட்6' என்று அச்சடிப்பதே பொய். கண்டுபிடிக்க ஒரு ஒயரைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளி நிறம் என்றால் சிசிஏ. பெட்டியைத் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

எதிர்ப்பக்கத்து ஏமாற்று ஒன்றும் இருக்கிறது, ஆன்லைனில் விற்கும் 'கேட்7' பட்டைக் கேபிள். கேட்7-ஐ அமெரிக்க டிஐஏ தரநிலை ஏற்றுக்கொள்ளவே இல்லை, ஐஎஸ்ஓ தரநிலையில் அதற்குச் சொல்லியிருப்பது வேறு வகைக் கனெக்டர். சாதாரண ஆர்ஜே45 மாட்டிய கேட்7 என்பதற்கு அந்தப் பெயருக்குரிய மதிப்பு கிடையாது. வீட்டுக்கு கேட்6 தாராளம். 250 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்து கொடுப்பது, 10 கிகாபிட்டைக் கூட 55 மீட்டர் வரை ஓட்டலாம். கிகாபிட்டுக்கு நல்ல செம்பில் கேட்5இ போதும், வாங்கும் காசைப் பெயரில் போடாமல் செம்பில் போடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். மொட்டை மாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்கோ, தோட்டத்து மோட்டார் ரூமுக்கோ செம்புக் கேபிள் இழுப்பது. ஐப்பசி மழையில் எங்கோ பக்கத்தில் இடி விழுந்தால் போதும், இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் நடுவே வரும் வோல்டேஜ் அந்தக் கேபிள் வழியாகத்தான் சமாதானமாகும், இரு பக்கத்துப் போர்ட்டும் கருகும். இந்த மாதிரி இடங்களுக்கு ஃபைபர் போடலாம், கண்ணாடி கரண்டைக் கடத்தாது.

சித்தப்பா வீட்டுக்கு வருகிறேன். மாடி முனையை வெட்டிவிட்டு மறுபடி அடித்தேன், வெளித்தோல் முக்கோணக் கட்டைக்குள் போகும்படி. முதல் தடவை பூட்டைக் கேபிளில் கோர்க்க மறந்துவிட்டேன், அந்த ரப்பர் மூடியைச் சொல்கிறேன், அதனால் இன்னொரு கனெக்டர் வீண். செருகியதும் போர்ட் லைட் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறியது. ஸ்பீடு டெஸ்டில் 306. சித்தப்பா மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். வெட்டிய பழைய கனெக்டரை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த பிரவுனா?" என்றார். ஆமாம் சித்தப்பா, அதுதான் என்றேன்.

"அப்ப வாசல் கேமராவையும் ஒரு பார்வை பாத்துடு. ராத்திரியானா அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

ஏணியைப் போட்டு ஏறி அந்தக் கேபிளின் தோலில் அச்சடித்திருப்பதைப் படித்தேன். மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், சிசிஏ.